சிரிக்கிற பையன் குச்சி ஐஸ் கடை

லாஸ் சபினோஸ், மிச்சோவகான்
12 ஆகஸ்ட் 2012

அன்பு மகள் யாதிராவுக்கு,

நகராட்சித் தலைவருக்கு முன்னால் என் பல்செட் கழன்று மாம்பழக் கூழில் விழுந்துவிட்டது. இதைவிட கௌரவமான சேதியோடு கடிதத்தைத் தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வாரம் நம் வீட்டில் நடந்த பெரிய சம்பவம் இதுதான்.

போனில் பேசினால் நான் ஜோக்கடித்துத் தப்பித்துவிடுகிறேன், இனிமேல் எழுதினால்தான் பதில் என்று ஈஸ்டருக்குப் பிறகு நீ சொல்லிவிட்டாய். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு இப்படி ஒரு தண்டனை. கணக்கு எழுதுகிற நோட்டில் நாலு தாளைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, உயிலா?" என்கிறாள்.

விஷயம் இதுதான். தலைவர் லிசாந்த்ரோ செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். கூடவே அவர் மனைவி, மனைவியின் தங்கை, தங்கையின் வருங்காலக் கணவன். "தோன் எவாரிஸ்தோ, இவங்க வெளியூரு. அந்தச் சிரிப்பை ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்களேன்" என்றார். யாராவது கேட்டால் நான் மாட்டேன் என்று சொன்னதுண்டா? ஆறு வயதில் நான் அந்தப் படத்தில் சிரிக்கிற போட்டோ சுவரில் இருக்கிறதே, அதற்குக் கீழே நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தேன். ஆறு வயதில் பல் சொந்தம். அறுபத்து நாலில் அது கடைச் சரக்கு. நேரே அண்டாவுக்குள் போய்விட்டது. தங்கையின் வருங்காலம் கேட்டான், "படத்துலயும் இப்படித்தான் விழுந்துச்சா?" அந்தக் கூழை அப்படியே கீழே ஊற்றச் சொன்னாள் உன் அம்மா. ஊற்றினேன் என்று எழுதுகிறேன். நீ நம்பு.

அவர்கள் போன பிறகு தலைவர் மட்டும் நின்றார். நீ வேலை செய்கிற படக் காப்பகத்தில் 'எல்விராவுக்குக் கடிவாளம்' படத்தைப் புதுசு மாதிரி சுத்தம் பண்ணியிருக்கிறார்களாம், பேப்பரில் வந்ததாம். இந்த வருடம் சான் மிகேல் திருவிழாவில் அந்தப் புதுப் பிரதியைச் சதுக்கத்தில் போட வேண்டும், படம் எடுத்த ஊரே நம் ஊர்தானே, உங்கள் பெண் மனது வைத்தால் பிரதி வரும் என்றார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பல் இல்லாமல் எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு.

அதோடு விடவில்லை. உன் எர்லிந்தா அத்தையை மேடையில் ஏற்றி, பெயர் பொறித்த தகடு கொடுக்கப் போகிறாராம். தலைநகரத்து நடிகை குதிரைக்காரன் மடியில் குப்புறக் கிடந்து அடி வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்ததும், அதே இடுப்பளவு என்று டைரக்டர் நம் அக்காவைச் சந்தையில் பார்த்துப் பிடித்ததும், நீரூற்றுப் பக்கம் பின்புறம் தெரிகிற காட்சி முழுக்க அக்காதான் என்பதும் ஊருக்கே தெரிந்த கதை. தெரிந்த கதைக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு மரியாதை. நல்லதுதானே? நான் கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிரதியோடு நீயும் வந்தால் அம்மா தமால் செய்வாள். அங்கே பட்டணத்தில் படத்தை யாருக்காவது போட்டுக் காட்டினீர்களா? சிரித்தார்களா? அதை மட்டுமாவது எழுது.

உன் அப்பா,
எவாரிஸ்தோ


மெக்சிகோ நகரம்
21 ஆகஸ்ட்

அப்பா,

கடிதம் கிடைத்தது. பல்செட் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று கோபமும் வந்தது. உங்களோடு எப்போதும் இதுதான்.

கேட்டதற்குப் பதில். போன மாதம் ஒரு கல்லூரியில் போட்டோம். அரங்கு நிறைய இருபது வயதுப் பிள்ளைகள். கறுப்பு வெள்ளைப் படம், பாதியில் எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. முதல் முக்கால் மணி நேரம் அப்படிச் சிரித்தார்கள். குடிகாரப் பாதிரியார் கழுதைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற இடத்தில் ஒருவன் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டான். எல்விரா வாயைத் திறக்கும்போதெல்லாம் பெண்கள் கைதட்டினார்கள். கல்யாணம் கேட்டு வருகிற மூன்று பேரையும் அவள் பேசியே துரத்துகிறாளே, அந்த மாதிரி வாய் இப்போது வருகிற படங்களில் எந்தக் கதாநாயகிக்கும் இல்லை. படம் நன்றாக எடுத்த படம்தான், அப்பா. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒவ்வொரு சட்டகமாக ஏழு மாதம் கீறல் துடைத்தவள் நான்.

பிறகு நீரூற்றுக் காட்சி வந்தது. அவன் அவளை மடியில் கவிழ்க்கிறான். முதல் அடி. ஒரு பையன் சிரித்தான், சிரித்தது தான் மட்டும்தான் என்று தெரிந்து நிறுத்திவிட்டான். அப்புறம் அரங்கில் படத்தின் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. திரைக்குள் ஒரு ஊரே சிரிக்கிறது, வெளியே ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு வருகிற காட்சிகளும் வேடிக்கையானவைதான். ஆனால் போன சிரிப்பு திரும்பி வரவில்லை.

முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள், "அவளுக்கு அவ்வளவு பேச்சைக் குடுத்துட்டு, கடைசில அடிச்சு மூட வைக்கறதுக்கா?" இன்னொருத்தி, "அந்த ஷாட்ல உதைக்கற காலு நடிகையோட காலு இல்லையே, கணுக்கால் வேற மாதிரி இருக்கு. அது யாரு?" என்றாள். பதில் சொல்ல வேண்டியவள் நான். ஒலிவாங்கியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

அத்தையை மேடையில் ஏற்றாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அத்தை சந்தையில் நடந்தால் ஆண்கள் ஒரே ஒரு தடவை கை தட்டுவார்களே, படத்தில் அடி விழுகிற மாதிரி, அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கும் தட்டினார்கள். எல்விராவின் மருமகள் என்று. உங்களிடம் அழுதுகொண்டு வந்தபோது, "நீயும் சினிமா குடும்பம்ல, கண்ணு" என்றீர்கள்.

இந்த ஈஸ்டருக்கு அத்தை சூப் தட்டோடு வரும்போது ரூபென் சித்தப்பா தட்டினார். அத்தையின் கை ஆடி, சூப் மேஜைவிரிப்பில் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அதனால்தான் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். காரணம் தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

யாதிரா


லாஸ் சபினோஸ்
31 ஆகஸ்ட்

அன்பு மகளுக்கு,

நீ சொல்வதை முழுக்க மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஊர் சிரித்தது என்பதற்காக ஊரையே ஜெயிலில் போட முடியுமா? கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது, எதற்குச் சிரிக்கலாம் எதற்குக் கூடாது என்று தெரிகிறது. இங்கே நாங்கள் சிரிப்பு வந்தால் சிரிக்கிறோம், அவ்வளவுதான். ரூபெனுக்கு மூளை இல்லை என்பது அவன் பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். நான் சிரித்தது சூப் அவன் மடியில் கொட்டியதற்கு. விரிப்பில் கொட்டியது என்று எழுதியிருக்கிறாய். மடியிலும் கொட்டியது. அதைப் பார்த்துத்தான்.

சரி. இதைப் படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாக இருக்கும், அப்படியே விடுகிறேன்.

உன் பேச்சைக் கேட்டு, அக்காவிடம் நேராகக் கேட்டுவிடலாம், அவள் மாட்டேன் என்றால் தலைவரிடம் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனேன். தையல் மிஷினில் இருந்தாள். பள்ளிக்கூடம் திறந்த நேரம், வீடு முழுக்க நீலப் பாவாடை. நான் வாசலிலேயே நின்றேன்.

"என்னடா வாரித்தோ, கடன் கேக்க வந்தவன் மாதிரி நிக்கற? உள்ள வா. அந்தத் துணிய மிதிக்காத."

"ஒண்ணுமில்லக்கா. திருவிழால படம் போடறாங்களாம். புதுப் பிரதி. யாதிரா சுத்தம் பண்ணது."

"தெரியும். லிசாந்த்ரோ பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போனா. தகடு குடுக்கறாங்களாமே. எதுக்கு, அடி வாங்கின எடத்துல வச்சுச் சூடு ஆத்திக்கவா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ வேணாம்னா வேணாம்க்கா. நான் சொல்லிடறேன்."

"வர்றேன்."

"என்னது?"

"காது போச்சா? வர்றேன்டா. நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல."

யாதிரா, இது சதுக்கத்தில் வருடா வருடம் போடுகிற படம். டி.வி.யில் எத்தனை தடவை. "அதெப்படிக்கா, வருஷா வருஷம் போடறாங்களே" என்றேன்.

"வருஷா வருஷம் எனக்குத் தலைவலி வந்துச்சு" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் பல் இன்னும் சொந்தப் பல். "ஒரு தடவை பாத்துடணும். எனக்கும் எழுபத்தாறு ஆச்சு. அன்னிக்கு என் மூஞ்சி தரையப் பாத்துக் கெடந்துச்சு. சிரிப்பு காதுல விழுந்துச்சே தவிர யாரையும் பாக்கல. யார் யாரு சிரிச்சாங்கன்னு பாக்கணும்."

"பழைய கதைக்கா. பாதிப் பேரு செத்துட்டாங்க."

"செத்தவங்களையும் பாக்கணும்."

நான் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து சொன்னாள், "நீ சிரிச்சது மட்டும் எனக்குத் தெரியும். அதைத்தான் உன் கடைப் பலகையிலயே எழுதி வச்சிருக்கியே."

கோபமாகச் சொல்லவில்லை. சட்டைக்குப் பட்டன் வைக்கிற குரலில் சொன்னாள். வீடு வந்து பலகையை நிமிர்ந்து பார்த்தேன். 'சிரிக்கிற பையன்.' முப்பது வருடமாக அதன் கீழே நின்று ஐஸ் விற்கிறேன், ஒரு நாளும் அவள் கண்ணால் அதைப் படித்ததில்லை. அவள் நம் கடையில் ஒரு குச்சி ஐஸ் வாங்கித் தின்றதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சளி பிடிக்கும் என்பாள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா


மெக்சிகோ நகரம்
9 செப்டம்பர்

அப்பா,

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அத்தை எதைப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம் என்று நீரூற்றுக் காட்சியை மறுபடி போட்டு, இந்தத் தடவை கீறலை விட்டுவிட்டு முகங்களை மட்டும் பார்த்தேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் அத்தையைப் பார்க்கவே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் யாரோ கையசைத்து, சிரி சிரி என்று சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் பார்க்கிறார்கள். மீதிப் பேர் நிஜமாகவே சிரிக்கிறார்கள். அதை என்னால் மாற்ற முடியாது.

பிறகு நீங்கள். நீரூற்றின் சுவரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து. உங்கள் கடைப் போட்டோவில் முகம் ஒரு வெள்ளைத் திட்டு, வாய் ஒரு கறுப்புத் திட்டு. பழைய பிரதிகளிலும் அப்படித்தான். எங்கள் கையில் இருப்பது மூல நெகட்டிவிலிருந்து எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் ஈரம். மூக்கு ஒழுகி உதட்டில் நிற்கிறது. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறீர்கள். கை மடியில் முஷ்டி.

நீங்கள் சிரிக்கவில்லை, அப்பா. அழுகிறீர்கள். வாய்விட்டு, குழந்தை அழுகிற மாதிரி.

படத்தில் கேட்கிற சிரிப்பு பிற்பாடு ஸ்டூடியோவில் சேர்த்தது. அதனால் அந்தத் திறந்த வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. கூட வேலை செய்பவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்னது, "பாவம், புள்ள எப்படி அழுவுது." அதோடு ஒரு தொழில் சங்கதியும் சொன்னார்: முதல் ஷாட்டில் உங்கள் தலையில் மணி தொங்குகிற பெரிய தொப்பி இருக்கிறது, அடுத்ததில் இல்லை. அந்தக் காலத்து அஜாக்கிரதை.

எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கூட்டத்திலேயே ஒருவருக்குத்தான் அத்தைக்கு வலிக்கிறது என்று தெரிந்திருக்கிறது. ஆறு வயதில் உங்களுக்கு. அப்புறம் ஏன் அப்பா ஊர் முழுக்க, சிரித்தேன் சிரித்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்? எல்லோரும் சிரிக்கிற ஊரில் அழுதவன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததா? அப்படியென்றால் புரிகிறது. உங்களை எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது.

அத்தைக்கு உடனே போன் செய்து சொல்லிவிட்டேன். "அப்பா சிரிக்கல அத்தை, உங்களுக்காக அழுதிருக்காரு" என்று.  அதைக் கேட்டதும், "மிஷின ஓட விட்டுட்டு வந்துட்டேன், வைக்கறேன்" என்றார். மிஷின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பிரதியை அனுப்ப அனுமதி வாங்கிவிட்டேன். எனக்குத்தான் விடுமுறை கிடைக்கவில்லை. அத்தை பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

உங்கள் மகள்,
யாதிரா


லாஸ் சபினோஸ்
15 செப்டம்பர்

மகளுக்கு,

கிடைத்தது. மாம்பழம் முடிந்துவிட்டது, இனி புளியும் மிளகாயும்தான். அம்மாவுக்கு முட்டிவலி.

தலைவரிடம் போய் மேடை வேண்டாம் என்றேன். சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, பாண்டு வாத்தியத்துக்குச் சொல்லியாகிவிட்டது, உங்களுக்கும் மாலை உண்டு என்றார். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீ அக்காவுக்குப் போன் செய்திருக்க வேண்டாம்.

அப்பா


மெக்சிகோ நகரம்
20 செப்டம்பர்

அப்பா,

இவ்வளவுதானா? முட்டிவலியும் புளியும்? ஒரு மனிதரைப் பற்றி இருக்கிறதிலேயே நல்ல விஷயத்தை ஒரு மகள் கண்டுபிடித்து எழுதினால் பதில் இதுதானா?

ஏன் போன் செய்திருக்க வேண்டாம்? அத்தை அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர வேண்டுமா? அழுததை ஒத்துக்கொள்வதற்கு இந்த வயதிலும் உங்களுக்கு இவ்வளவு கூச்சமா?

கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

யாதிரா


லாஸ் சபினோஸ்
2 அக்டோபர்

அன்பு மகளுக்கு,

திருவிழா முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருட்டுகிற நேரத்தில் அக்காவைக் கூப்பிடப் போனேன். கருநீலத்தில் புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். காதில் எங்கள் அம்மாவின் கம்மல். "வேகமா நடக்காதடா, கல்யாணத்துக்கா போறோம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சதுக்கம் வரைக்கும் விடவில்லை. கடைசியாக எப்போது அவள் என் கையைப் பிடித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க நிறைய தூரம் போக வேண்டியிருந்தது.

முதல் வரிசை. படம் தொடங்கியது. நீ துடைத்த படம், கண்ணாடி மாதிரி இருந்தது. நீ நம்ப மாட்டாய், அக்கா சிரித்தாள். பாதிரியார் கழுதைக்குத் தண்ணீர் தெளித்தபோது என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். கல்யாணம் கேட்டு வருகிற நோட்டரியை எல்விரா துரத்துகிற இடத்தில், "நல்லா கேட்டடி! இன்னும் கேளு!" என்று கத்தினாள். என்னிடம் குனிந்து, "இவ்ளோ நல்ல படம்னு ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலையேடா" என்றாள். எல்லோரும் அந்த ஒரு இடத்தைத்தானே அவளிடம் சொன்னோம்.

அப்புறம் நீரூற்று வந்தது.

வயசாளிகள் பின் வரிசையில் ஒவ்வொரு அடிக்கும் சேர்ந்து கை தட்டினார்கள், வழக்கம்போல. வாலிபப் பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பக்கவாட்டில் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் நின்றிருந்தார்கள், அக்கா தைத்த பாவாடையில். அதில் ஒருத்தி, "விடுடா அவள, எருமை!" என்று கத்தினாள். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. ஆனால் எப்போதும் வருகிற சிரிப்பு இல்லை. ஓட்டை விழுந்த சிரிப்பு.

அக்கா தன்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"அது பேக்கரி செரபின். சிரிக்கறான். அது உபால்தா. என்கூட ஞானோபதேச வகுப்புல இருந்தவ. சிரிக்கறா. அது அம்மா."

"அம்மா வாயைப் பொத்தியிருக்கா அக்கா."

"பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. தோள் ஆடுது பாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அது அபுந்தியோ. அடுத்த மாசம் பொண்ணு கேட்டு வர்றதா இருந்தான்."

அபுந்தியோ நல்ல உயரம். தொப்பியைக் கழற்றி முட்டியில் அடித்துச் சிரிக்கிறான். அவன் பெண் கேட்டு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அப்புறம் நீரூற்றுச் சுவர். அந்தப் பையன். நீ எழுதியபடியே இருந்தது. கன்னம், மூக்கு எல்லாம். திரை அவ்வளவு பெரிசு, ஒளிய இடமில்லை. என் பக்கத்து ஆட்கள் எப்போதும் போல என்னைத் திரும்பிப் பார்த்து, "தோன் எவாரிஸ்தோ! சிரிங்க!" என்றார்கள். நான் எழுந்து வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. எழவில்லை. அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடிகிற வரைக்கும் கொடுக்கவில்லை.

முடிந்ததும் பாண்டு வாத்தியம். லிசாந்த்ரோ, "நம்ம ஊரு எல்விரா!" என்று கூப்பிட்டார். அக்கா எழவில்லை. அவரே தகட்டோடும் மைக்கோடும் இறங்கி வந்தார். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டி, தகட்டை நிதானமாகப் படித்தாள்.

"இதுல எல்விரான்னு போட்டிருக்கே."

"ஆமாம் தோன்யா, உங்களைத்தான்..."

"நான் எர்லிந்தா. இது அவளுக்கு வந்தது. அவகிட்டயே சேத்துடுங்க."

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. கூட்டம் கப்சிப் என்று ஆனது. அந்த அமைதியில், எங்கோ பின்னாலிருந்து, ஒரே ஒரு கைதட்டு. பட். யாரென்று தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள். எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. அக்கா திரும்பி நின்று, கண்ணாடியைக் கழற்றாமல், வரிசை வரிசையாகப் பார்த்தாள். அப்புறம், "வாடா போலாம்" என்றாள். தகடு என் கையில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தேன், பார்க்கிறவர்களுக்கு நான்தான் பரிசு வாங்கியவன்.

அவள் வீட்டு வாசலில் நின்றோம். சாவியை எடுத்தாள், திறக்கவில்லை.

"இத்தன வருஷமா உம்மேல எனக்கு ஒரு இதுதான்டா வாரித்தோ. மத்தவங்கள விட்டுட்டேன். அம்மாவக்கூட விட்டுட்டேன். உன்னத்தான் விட முடியல. நான் தூக்கி வளத்த புள்ள, நீயும் சிரிச்சியேன்னு." என் தலையில் கை வைத்தாள். எனக்கு முடி இல்லாத இடத்தில். "இந்த ஊர்ல ஒருத்தன் அழுதிருக்கான். போதும். இனிமே எனக்கு ஒண்ணும் வேணாம்."

மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். புளி ஐஸ் கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து முழுசாகத் தின்றாள், குச்சியை நக்கி வைத்தாள். உன் அம்மாவிடம், "அந்தப் பலகைய மாத்தச் சொல்லு, பொய் எழுதிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா அதிசயித்து நிற்கிறாள். அக்கா தினமும் வருகிறாள் இப்போது.

எழுத்தில் தப்பிக்க முடியாது என்று சொன்னவள் நீ. ஜோக் வேண்டாம் என்றும் சொன்னாய். சரி, கேள்.

தொப்பி, அஜாக்கிரதை இல்லை. படக்காரர்கள் காலையில் என் தலையில் வைத்தார்கள். ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன மணி, தலையை ஆட்டினால் கிணிகிணி என்னும். எனக்கே எனக்கு என்று அவர்களில் கண்ணாடி போட்ட ஒருத்தர் சொன்னார். நான் அன்றைக்கு முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அக்காவை மடியில் போட்டு அடித்தார்கள், சரியில்லை, திரும்ப என்றார்கள், திரும்ப அடித்தார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கேமராவை இந்தப் பக்கம் திருப்புவதற்கு முன்னால் ஒருத்தன் வந்து தொப்பியைப் பிடுங்கி, முன்வரிசையில் இருந்த டாக்டர் மகன் தலையில் வைத்துவிட்டான். உன் சட்டகத்தில் தேடிப் பார், அவன் தலையில் இருக்கும்.

பக்கத்தில் அக்கா அடி வாங்குகிறாள் என்பதே அப்போது என் நினைப்பில் இல்லை.

வாசலில் அவள் கேட்டாள், கதவைத் திறந்த பிறகு, உள்ளே ஒரு கால் வைத்தபடி: "சின்னப் புள்ள நீ. அன்னிக்கு என்னத்த நெனச்சுடா அப்படி அழுத?"

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

தொப்பியை நினைத்து.

அப்பா